அந்தக் காலத்துக் கார்தான் கெட்டியா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: அந்தக் காலத்துக் கார் கெட்டி, இந்தக் காலத்துக் கார் தகர டப்பா. மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதற்கே முழு இடத்தையும் எடுத்துக்கொண்டேன். பழைய வண்டிகளின் அடியில் படுத்துத்தான் நான் தொழில் கற்றேன், இப்போது ஸ்கேனரும் கையுமாக நிற்கிறேன். இரண்டு பக்கமும் எனக்கு ஆசை உண்டு.

கேள்வி: எங்கள் அப்பா ஒரே காரை 24 வருடம் ஓட்டினார். பெரிய தொந்தரவு எதுவும் கொடுத்ததில்லை என்பார். என் காரில் ஐந்தாவது வருடமே செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. அந்தக் காலத்தில் உண்மையிலேயே நன்றாகச் செய்தார்களா, இல்லை எல்லாம் வெறும் ஏக்கமா?

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்த 24 வருடத்தில் பேனட்டை எத்தனை முறை திறந்திருப்பார்? கிளம்பும் முன் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்திருப்பார், டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து ஆயில் பார்த்திருப்பார், சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பிளக்கில் பொறி வரவைக்கும் தொடுமுனையான பாயிண்டைத் திறந்து உப்புத்தாளில் தேய்த்து இடைவெளி சரிசெய்திருப்பார் அல்லது செய்யச் சொல்லியிருப்பார், பிளக்கைக் கழற்றிக் கரி எடுத்திருப்பார், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டை ஊதியிருப்பார், வண்டிக்கு அடியில் கிரீஸ் நிப்பிள் ஒவ்வொன்றாகத் தேடி கிரீஸ் அடித்திருப்பார். இடையில் ஒருமுறையாவது எஞ்சினை இறக்கி பிஸ்டன் ரிங் மாற்றியிருப்பார்கள். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து ரீபோர் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இதில் எதையும் அவர் தொந்தரவு என்று கணக்கில் சேர்க்க மாட்டார். கார் என்றால் இதெல்லாம் இருக்கும் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

உங்கள் காருக்கு அந்த ஐந்து வருடத்தில் என்ன செய்தீர்கள்? வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ், நடுவில் எப்போதாவது டயருக்குக் காற்று. நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு போதும் என்கிற அளவுக்கு வண்டி முன்னேறியிருக்கிறது என்பதுதான் விஷயம். முன்பு 15,000, 20,000 கிலோமீட்டரில் தேய்ந்துபோன பிளக்குக்குப் பதிலாக இன்று இரிடியம் முனை வைத்த பிளக் வருகிறது, அது 1 லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும். பாயிண்டும் கண்டென்சரும் மின்னணு இக்னிஷன் வந்தபோதே ஒழிந்துவிட்டன. கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்ததால் பெட்ரோல் அளவாகப் போகிறது, வழிந்த பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு போவதில்லை, அதனாலேயே ரிங்கும் போரும் பல மடங்கு அதிகம் உழைக்கின்றன. புது வண்டியை முதல் 1,500 கிலோமீட்டருக்கு மெதுவாகவே ஓட்டவேண்டும் என்று பெரியவர்கள் அவ்வளவு கறாராகச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. அன்றைய எஞ்சினின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று உரசித்தான் பதத்துக்கு வரவேண்டியிருந்தது. இன்றும் ஆரம்பத்தில் கொஞ்சம் நிதானம் நல்லதுதான், ஆனால் பாகங்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்த வழுவழுப்போடு வந்துவிடுகின்றன.

பழைய கார்களின் ஓடோமீட்டரை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? பல வண்டிகளில் ஐந்து இலக்கம்தான் இருக்கும், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். அதற்கு மேல் எவ்வளவு ஓடும் என்று அன்று யாரும் பெரிதாகக் கணக்குப் போடவில்லை. இன்று 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அவ்வளவு சாதாரணம். அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வயதை வெகுகாலமாகக் கணக்கெடுக்கிறார்கள். 1970-ல் அது 6 வருடத்துக்கும் குறைவு, 2024-ல் 12 வருடத்துக்கு மேல்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் கண்ணில் இன்று படும் பழைய கார்கள் எவை? பிழைத்தவை மட்டும்தான். அதே வருடம் அதே தொழிற்சாலையிலிருந்து கூடவே வெளியே வந்த நூறு வண்டிகளில் மிச்சமெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போய் உருக்கப்பட்டுவிட்டன, அவை வந்து நம்மிடம் புகார் சொல்லப்போவதில்லை.

கேள்வி: அப்படியானால் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டிகள் என்று படிக்கிறோமே, அதெல்லாம் பொய்யா?

பொய் இல்லை. இர்வ் கோர்டன் என்ற அமெரிக்கர் 1966-ல் வாங்கிய வோல்வோ பி1800 காரில் 2013-ல் 30 லட்சம் மைலைத் தொட்டார், கிட்டத்தட்ட 48 லட்சம் கிலோமீட்டர். கிரீஸ் நாட்டு டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் 1976-ல் செய்த மெர்சிடிஸ் 240டி வண்டியில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் அதை அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார்.

ஆனால் இந்த இரண்டு வண்டிகளும் எப்படி ஓடின என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். எஞ்சின் அதிகம் தேய்வது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் சில நிமிடங்களில்தான். நாள் முழுக்கச் சூடாகவே, நெடுந்தூரம், சீரான வேகத்தில் ஓடுகிற வண்டிக்கு அந்தத் தேய்மானம் மிகக் குறைவு. தினமும் 3 கிலோமீட்டர் போய் அணைத்து, மறுபடி 3 கிலோமீட்டர் வந்து அணைக்கிற வண்டி, கிலோமீட்டர் கணக்கில் இளமையாக இருக்கும், உள்ளே கிழடாக இருக்கும். இந்த இருவரும் வண்டியை விடாமல் ஓட்டினார்கள், நேரத்துக்கு ஆயில் மாற்றினார்கள், தேய்ந்ததைத் தேய்ந்தவுடன் மாற்றினார்கள். எஞ்சின் வேலையும் நடந்திருக்கிறது, அந்தக் கிரீஸ் நாட்டு டாக்ஸியில் எஞ்சினையே பலமுறை கழற்றி மாற்றித்தான் ஓட்டினார்கள். அப்படி மாற்றி மாற்றி ஓட்டும்படி அந்த வண்டிகளைச் செய்திருந்தார்களே, அது பெரிய விஷயம், அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

கேள்வி: பழைய காரின் கதவைச் சாத்தினாலே ‘டம்’ என்று ஒரு சத்தம் வரும். இப்போது விரலால் அழுத்தினால் பேனட் உள்ளே போகிறது. தகரம் கனமாக இருந்தால் விபத்தில் உயிர் பிழைக்கலாம்தானே?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்த நம்பிக்கையில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

2009-ல் அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் ஒரு சோதனை செய்தது. 1959-ம் வருட செவ்ரோலெட் பெல் ஏர், 2009-ம் வருட செவ்ரோலெட் மாலிபு, இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் பக்கத்து முன்பாதி மட்டும் மோதும்படி நேருக்கு நேர் விட்டார்கள். பெல் ஏர் நீளமும் அகலமுமாகக் கப்பல் போல இருக்கும், கனமான தகரம், தனிச் சட்டகம், குரோம் பம்பர். பார்த்தால் எதிரே வருவதைத் தூள் தூளாக்கிவிடும் என்றுதான் தோன்றும். மோதியதும் நடந்தது வேறு. பெல் ஏரின் கண்ணாடியைத் தாங்கும் தூண் மடங்கி, கதவு பிதுங்கி, ஸ்டீயரிங் பின்னால் தள்ளப்பட்டு, ஓட்டுநர் உட்காரும் இடமே நசுங்கிப்போனது. அதில் வைத்திருந்த பொம்மை மனிதனாக இருந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. மாலிபுவின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியது, உள்ளே இருந்தவருக்குக் காலில் சிறு காயம் அளவுதான்.

1959 ரொம்பப் பழசு, அந்த ஒப்பீடு சரியில்லை என்பவர்களுக்கு இன்னொன்று. 2017-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கான விபத்துச் சோதனை அமைப்பு 1998-ம் வருட டொயோட்டா கரோலாவையும் 2015-ம் வருட கரோலாவையும் அதே 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. 16 மதிப்பெண்ணுக்குப் பழையது அரை மதிப்பெண்கூட வாங்கவில்லை, புதியது 12.93 வாங்கியது. ஒரே பெயர், ஒரே நிறுவனம், இடையில் 17 வருடம்.

ஏன் இப்படி? வண்டி சட்டென்று நிற்கும்போது உங்கள் உடம்பும் நிற்கவேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உடம்பின் மீது விழும் விசை. நிற்க எடுக்கும் தூரம் இரட்டிப்பானால் விசை பாதியாகும். முன்பக்கம் மடங்கி மடங்கி நொறுங்குகிறதே, அந்தச் சில அடி தூரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். மடங்கவே மாட்டேன் என்று நிற்கும் வண்டி அந்த அடியை அப்படியே உள்ளே இருப்பவருக்குக் கடத்தும். இதை முதலில் யோசித்துக் காப்புரிமை வாங்கியவர் மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரென்யி, 1950-களின் தொடக்கத்தில். நொறுங்கவேண்டிய முன்பக்கம், நொறுங்கவே கூடாத நடுக்கூண்டு என்று இரண்டாகப் பிரித்த வண்டி 1959-ல் வந்தது. அதே 1959-ல்தான் வோல்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட்டும் வந்தது, அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் காசில்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வோல்வோ விட்டுக்கொடுத்தது.

விரலால் அழுத்தினால் உள்ளே போகிற பேனட் தகரம் வெறும் தோல். எலும்பு உள்ளே இருக்கிறது. கதவுக்குள் குறுக்காக ஓடும் தண்டு, நடுத்தூண், கூரையின் ஓரச்சட்டம், இவற்றையெல்லாம் சிவக்கச் சூடாக்கி அச்சிலேயே அழுத்திக் குளிரவைக்கும் போரான் எஃகில் செய்கிறார்கள், அது பழைய காரின் சாதாரணத் தகரத்தைவிட ஐந்து மடங்கு வரை வலுவானது. விபத்தில் மாட்டிய புது வண்டியை அறுத்து ஆளை வெளியே எடுக்க மீட்புப் படையினர் முன்பைவிடச் சக்தியான கத்தரிகள் வாங்கவேண்டி வந்ததே இதனால்தான். எடையும் குறைந்துவிடவில்லை. 1974-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 800 கிலோ சொச்சம், இன்றைய கோல்ஃப் 1,200 கிலோவுக்கு மேல்.

அந்த ‘டம்’ சத்தத்தைச் சொன்னீர்களே, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளக் கம்பியாக எஞ்சின் பக்கத்திலிருந்து ஓட்டுபவரின் நெஞ்சுக்கு நேராக வரும். முன்னால் இடித்தால் அது ஈட்டிதான். நான் தொழில் பழகிய நாட்களில் அப்படி அடிபட்ட ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். வெளியே பம்பரும் ஒரு விளக்கும்தான் போயிருந்தன, ‘பாத்தியா, எவ்வளவு கெட்டி’ என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். ஓட்டியவர் வீடு திரும்பவில்லை. அந்த ஸ்டீயரிங்கை நான்தான் கழற்றினேன்.

அமெரிக்காவில் 1966-ல் 10 கோடி மைல் ஓட்டத்துக்கு 5.5 பேர் சாலையில் இறந்தார்கள், 2023-ல் அது 1.26. சாலை, மருத்துவம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் வண்டியின் பங்கு பெரியது.

கேள்வி: அது சரி. ஆனால் அன்று நடுவழியில் நின்றால் ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, கொஞ்சம் கம்பி இருந்தால் வீடு வந்து சேரலாம். இன்று ஒரு சென்சார் போனாலும் வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கிறது. இதையும் முன்னேற்றம் என்பீர்களா?

மாட்டேன். இதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

பழைய வண்டியை, அது கெடும் என்று தெரிந்தே, கெட்டால் திறக்கும்படி செய்தார்கள். டைனமோ போனால் கழற்றி புஷ்ஷும் கரிக்கட்டையும் மாற்றலாம். தண்ணீர் பம்ப் ஒழுகினால் சீல் மட்டும் மாற்றலாம். பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் கிட் தனியாகக் கிடைக்கும். பேனட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கை மட்டுமல்ல, ஆளே இறங்கி நிற்கலாம். தேய்ந்துபோன பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்துகூட எடுத்துவிடலாம். அதனால்தான் அந்த வண்டிகளுக்கு முடிவு என்று ஒன்று இல்லாமல் இருந்தது, யாராவது விரும்புகிறவரை ஓடின.

இன்று ஒன்றும் திறக்காது. முகப்பு விளக்குக்குள் எல்.இ.டி. ஒன்று அணைந்தால் பல வண்டிகளில் விளக்குக் கூடு முழுவதையும் மாற்றவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த வண்டியில் முன்கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவை மறுபடி அளவு வைத்துச் சரிபார்க்கவேண்டும், அதற்குத் தனிக் கருவி, தனி இடம். சில வண்டிகளில் பேட்டரி மாற்றினால்கூட அதைக் கணினியில் பதிவு செய்தாகவேண்டும். பெரிய கார் ஒன்றில் 100 வரைக்கும் சிறு கணினிகள் இருக்கும், அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும், ஒன்று ஊமையானால் மற்றவை குழம்பும்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். டெஸ்லா 2021-ல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் எஞ்சினோ பிரேக்கோ இல்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு நினைவகச் சில்லு. அதில் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு, வண்டி ஓட ஓட அது எழுதிக்கொண்டே இருந்ததால் சில வருடங்களில் தேய்ந்து தீர்ந்துவிட்டது. தீர்ந்தால் திரை இருண்டுவிடும், பின்பக்கக் கேமராவும் போய்விடும். பிரேக் லைனிங் தேய்வதைக் கண்ணால் பார்க்கலாம், இந்தத் தேய்மானத்தை யார் பார்ப்பது?

ஆனாலும் நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி சோதனைச் சாக்கெட் இருக்கவேண்டும் என்று விதி வந்தது, பிறகு மற்ற நாடுகளிலும் அது பரவியது. அதில் ஸ்கேனரைச் செருகினால் எந்தச் சிலிண்டரில் எரியவில்லை என்று வண்டியே சொல்லும். முன்பு ‘எப்போதாவது இழுக்கிறது, எப்போதாவது இழுக்கவில்லை’ என்று ஒரு வண்டி வந்தால் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்வோம். எனவே சென்சார் எதிரி இல்லை. அந்தச் சென்சார் சொல்வதைப் படிக்கும் உரிமையையும், தனிப் பாகம் வாங்கும் வழியையும், கையேட்டையும் நிறுவனங்கள் பூட்டி வைப்பதுதான் எனக்குக் கோபம். 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கார் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது, வெளி மெக்கானிக்குகளுக்கும் அதே தகவல் கிடைக்கவேண்டும் என்று. எல்லா இடத்திலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

கேள்வி: வாரண்டி முடிந்ததும் கெட்டுப்போகும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள் என்கிறார் என் நண்பர். உண்மையா?

வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் எல்லாப் பாகத்துக்கும் இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு ஆயுள் குறித்துத்தான் வடிவமைக்கிறார்கள், அதற்கு மேல் உழைக்கவைக்கச் செலவு செய்ய மாட்டார்கள். அன்று கணக்குப் போடக் கணினி இல்லாததால் பயத்தில் கூடுதலாக இரும்பைப் போட்டார்கள். இன்று கிராம் கணக்கில் குறைக்கத் தெரியும்.

அதோடு மைலேஜும் வேண்டும், புகையும் குறையவேண்டும் என்று நாமும் கேட்கிறோம், சட்டமும் கேட்கிறது, அதற்காகச் செய்த சில வேலைகள் காலை வாரிவிட்டன. எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும் டைமிங் பெல்ட் அப்படி ஒன்று. உராய்வு குறையும் என்று கொண்டுவந்தார்கள், நாளாக ஆக ரப்பர் உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைத்து எஞ்சினையே தின்றுவிடுகிறது. சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் முறையில் உள்ளிழுக்கும் வால்வு மீது பெட்ரோல் படுவதே இல்லை, அதனால் அங்கே கரி படிகிறது. ரேடியேட்டர் பக்கத்துப் பிளாஸ்டிக் குழாய்கள் சூட்டில் மொறுமொறுத்துப் போகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடிக்காதது ‘ஆயுள் முழுக்க மாற்றவேண்டாம்’ என்று சொல்லி விற்கும் கியர் ஆயில். யாருடைய ஆயுள்? பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே தன் கியர்பாக்ஸில் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. கார் நிறுவனத்தின் கையேடு என்ன சொன்னாலும் நீங்கள் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: துருவைப் பற்றி? பழைய இரும்பு துருப்பிடிக்காது என்கிறார்களே.

பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். 1970-களின் கார்கள் பலவற்றில் நான்கைந்து வருடத்திலேயே சக்கர வளைவும் கதவின் அடிப்பகுதியும் ஓட்டையாகிவிடும், பட்டி வைத்துப் பூசிப் பூசியே ஓட்டினார்கள். முழு உடற்கூட்டையும் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்திப் பூசும் பிரைமர் பரவலானதும், துத்தநாகம் பூசிய தகடு வந்ததும்தான் இது அடங்கியது. போர்ஷே 1970-களின் நடுவிலேயே 911-க்குத் துத்தநாகத் தகடு போட்டது, ஆடி 1980-களின் நடுவில் முழு உடம்பையும் அப்படிச் செய்தது. தடிமன் குறைந்தாலும் இன்றைய தகரம் அதிக நாள் தாங்கும். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

கேள்வி: எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் போட்டுவிட்டார்கள். ஏ.சி. கூட்டவே சாலையிலிருந்து கண்ணை எடுக்கவேண்டியிருக்கிறது. எனக்கு மட்டும்தான் இது பிடிக்கவில்லையா?

உங்களுக்கு மட்டும் இல்லை. ஐரோப்பாவின் விபத்துச் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பே 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் கையால் தொட்டு உணரும் பொத்தானோ லீவரோ வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஏ.சி.யையும் அதில் சேர்த்திருக்கலாம் என்பது என் ஆசை.

கேள்வி: சரி, எந்தக் காலத்துக் கார்தான் நல்லது? ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் 1990-களின் நடுவிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை. இன்ஜெக்‌ஷன் வந்து பக்குவப்பட்டிருந்தது, துரு அடங்கியிருந்தது, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., காற்றுப்பை எல்லாம் பரவ ஆரம்பித்திருந்தன, ஆனால் திரையும் நூறு கணினியும் இன்னும் வரவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் கை விட இடம் இருந்தது. என்னிடம் வேலைக்கு வருகிற வண்டிகளில் மனநிறைவோடு கழற்றி மாட்டுவது அந்த வயது வண்டிகளைத்தான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க அந்தக் காலத்திலும் முடியாது. மெர்சிடிஸ் போன்ற பெரிய பெயரே 1990-களின் முதல் பாதியில் போட்ட எஞ்சின் ஒயரிங்கின் மேலுறை சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்புறம் 2000-களின் வண்டி என்றால் டகாட்டா என்ற நிறுவனத்தின் காற்றுப்பை இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். அதில் பையை ஊதும் ரசாயனம் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், விபத்தில் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் அடிக்கிறது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் காற்றுப்பைகளைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். வண்டியின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் இலவசமாக மாற்றிக்கொடுப்பார்கள்.

கேள்வி: என் அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய கார் 31 வருடப் பழசு, இரண்டு வருடமாக நிற்கிறது. விற்க மனம் இல்லை. எடுத்து ஓட்டலாமா? தினமும் மகளைப் பள்ளிக்கு அதில் கூட்டிப்போக ஆசை.

விற்கவேண்டாம். எடுத்து ஓட்டுங்கள். ஆனால் மகளைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போக அது வேண்டாம், அதற்குப் புது வண்டியையே எடுங்கள். மேலே பெல் ஏர் பற்றியும் கரோலா பற்றியும் எழுதியதை ஒருமுறை படித்தால் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்று புரியும். நெரிசல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலை, மெதுவாக, பெல்ட் போட்டுக்கொண்டு அவளை அழைத்துப் போங்கள். பின்சீட்டில் மூன்று முனை பெல்ட் இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள், பொருத்துவதற்கான துளைகள் பல வண்டிகளில் ஏற்கெனவே இருக்கும்.

இரண்டு வருடம் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோல் கெட்டிருக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், ஒரு நாள் ஊறவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் அது சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும், அதனால் அதை மாற்றுவதோடு நிற்காமல் சக்கரம் நான்கையும் கழற்றிச் சிலிண்டர் ரப்பர்களையும் பார்க்கவேண்டும். ரப்பர் குழாய், பெல்ட் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் செய்த எஞ்சின் என்றால் வால்வு சீட்டிங் மென்மையான உலோகமாக இருக்கலாம், ஈயம்தான் அன்று அதற்கு மெத்தையாக இருந்தது. அடுத்த முறை ஹெட்டை இறக்கும்போது கடினமான சீட்டிங் போடச் சொல்லுங்கள்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றிருந்தால் 2014-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. 10 வருடம் தாண்டியிருந்தால் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றுங்கள். அப்பா எந்த மெக்கானிக்கிடம் விட்டார் என்று விசாரியுங்கள், அவர் இன்னும் வேலையில் இருந்தால் முதலில் அவரிடமே கொண்டுபோங்கள். டேஷ்போர்டு பெட்டியில் அப்பாவின் கையெழுத்தில் ஆயில் மாற்றிய தேதிகள் எழுதிய நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வயது வண்டிகளில் நான் பலமுறை அப்படிப் பார்த்திருக்கிறேன். இருந்தால் அடுத்த வரியில் நீங்கள் எழுதுங்கள்.